அடுப்பங்கரைக்கு மட்டுமா சிக்கனம்?

சிக்கனத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். அந்த இடம் அடுப்பங்கரை. வரவுக்குள் செலவு அடங்கவில்லையா? பெண்கள் எண்ணெயைக் குறைத்து ஊற்றட்டும். இறைச்சியை வாரத்திற்கு ஒரு நாளாக்கட்டும். தேநீரை ஒரு வேளை நிறுத்தட்டும். ஜும்ஆ பயானிலும் இதுவே. மீலாது மேடையிலும் இதுவே. வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்னும் திருமறைக் கருத்து, பாத்திரம் கழுவும் கைகளை நோக்கியே பெரும்பாலும் நீட்டப்படுகிறது. அறிவுரை கூறுவோரின் எண்ணத்தில் குற்றமில்லை என்றே கொள்வோம். ஆனால் அவர்கள் போடும் கணக்கில் குற்றம் இருக்கிறது. அதனை மார்க்கத்தின் பெயரால் போடும்போது குற்றம் இரட்டிப்பாகிறது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். இத்தொழிலின் வரலாற்றை எழுதியோர், அங்கே பின்னலாடைத் தொழிலுக்கு 1920களில் கால்கோள் செய்தவர்களுள் முதல்வராகக் குலாம் காதர் என்னும் பெயரைக் குறிப்பிடுவர். ஆகவே அவ்வூர்ப் பனியனில் நம் சமுதாயத்தின் நூலும் தொடக்கத்திலிருந்தே ஓடுகிறது. இன்று கட்டிங் மேசையிலும், ஓவர்லாக் இயந்திரத்திலும், செக்கிங்கிலும், கைமடியிலும் நம்மவர் ஆணும் பெண்ணுமாய் உழைக்கின்றனர். சனிக்கிழமை மாலை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கையில் காசு, வியாழக்கிழமை கடன். இஃது ஒரு வீட்டின் கதையன்று.

ஒரு கணக்குப் போடுவோம். கணவன் தையலில் வாரம் 4,500 ரூபாயும், மனைவி செக்கிங்கில் 2,500 ரூபாயும் ஈட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் சொன்னபடி இருவரும் வேலை நாளில் ஆளுக்கு ஒரு தேநீரை விட்டுவிடுகின்றனர். கோப்பை 12 ரூபாய் எனில் வாரத்திற்கு 144 ரூபாய் மிச்சம். ஆண்டு முழுவதும் ஒரு நாள் தவறாமல் விட்டால் 7,488 ரூபாய். இனி, இவர்கள் தம் மகளுக்கு நிகாஹ் முடிக்கின்றனர். மண்டபம், அலங்காரம், நகை, சீர், கைக்கூலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உணவை மட்டும் பாருங்கள். எண்ணூறு பேர், இலைக்கு 250 ரூபாய், இரண்டு லட்சம். அந்த ஒரு வேளைப் பிரியாணிக்கும் தாள்ச்சாவுக்கும் ஈடுகட்ட, இவ்விருவரும் இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் தேநீர் குடிக்காமல் இருக்க வேண்டும். மிம்பரில் நின்று தேநீரைக் கண்டித்த அதே பெருமகனார், அந்தப் பந்தியில் முதல் வரிசையில் அமர்ந்து, ஏற்பாடு சிறப்பு என்று வாழ்த்திவிட்டும் போகிறார்.

அரபு மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: இஸ்ராஃப் ஒன்று, தப்தீர் மற்றொன்று. நாம் இரண்டையும் வீண்விரயம் என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. இஸ்ராஃப் என்பது ஆகுமானதிலேயே அளவு கடத்தல். தப்தீரின் வேர்ச்சொல்லுக்கு விதை என்பது பொருள். விதையை வீசி இறைப்பதுபோல் பொருளை இறைப்பது தப்தீர். செலவிடத் தகாத இடத்தில் செலவிடுவதையே அச்சொல் குறிக்கும் என்று விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்ற கடுமையான தீர்ப்பு பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் (17:27) வருவது தப்தீர் செய்வோரைப் பற்றியே. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக இறைக்கப்படும் பணத்துக்குப் பொருந்தும் சொல்லை, பிள்ளையின் தட்டில் வைக்கும் முட்டைக்குப் பொருத்துவது எந்த இலக்கணம்? அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) நல்லடியாரின் இயல்பைக் கூறுமிடத்து, அளவு கடத்தலை விலக்கிய அதே மூச்சில் கஞ்சத்தனத்தையும் விலக்கி, இரண்டுக்கும் நடுவே நிற்பதைக் 'கவாம்' என்கிறது. நம் பயான்களில் முதற்பாதி மட்டுமே ஒலிக்கிறது.

அபூஸுஃப்யானின் மனைவி ஹிந்த், தம் கணவர் கையிறுக்கம் உடையவர், தமக்கும் பிள்ளைக்கும் போதிய பொருள் தருவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுமாறு பெருமானார் பணித்தார்களா? இல்லை. கணவருக்குத் தெரியாமலேயே ஆனாலும், நியாயமான அளவில், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை எடுத்துக்கொள்ள இசைவளித்தார்கள். புகாரியில் இந்நிகழ்ச்சியை ஓதாத ஆலிம் உண்டோ? வீட்டுச் செலவு என்பது ஆண்மகன் மனமிரங்கி அளிக்கும் கொடையன்று. நஃபகா என்னும் கடமை.

இதனினும் கூர்மையான செய்தி ஒன்றுண்டு. மனைவி தன் உழைப்பால் ஈட்டும் பொருள் அவளுக்கே உரியது. அதிலிருந்து குடும்பத்துக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கில்லை. கொடுத்தால் அது அவளது பெருந்தன்மை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் பொருளைக் கணவருக்கும் தம் பராமரிப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிட்டது பற்றிக் கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய நற்கூலி, தருமத்தின் நற்கூலி என இரண்டு உண்டு என்று விடை கிடைத்தது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே பீஸ் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வந்து உலை வைக்கும் பெண்ணுக்கு அந்த இரட்டை நற்கூலி உண்டென்று எந்த மேடையில் சொன்னோம்? சொல்லவில்லை. சர்க்கரையைக் குறை என்று சொன்னோம்.

அப்படியானால் வீட்டில் குறைக்கத்தக்கது ஒன்றுமே இல்லையா என்று கேட்பர். உண்டு. வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். போகும் வழி எது என்று முதலில் கண்டறிய வேண்டும். சாளரத்தின் இடுக்கில் துணியை அடைத்துவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்தால் என்ன பயன்?

வாரக் கூலிக் குடும்பத்தில் அந்த வாசற்கதவு, காலக் கணக்கிலேயே இருக்கிறது. கூலி வாரத்திற்கு, வாடகை மாதத்திற்கு, பள்ளிக் கட்டணம் ஆண்டிற்கு, பெருநாளோ பிறைக்கு. நான்கும் நான்கு கடிகாரங்கள். ஆண்டிற்குச் சனிக்கிழமைகள் ஐம்பத்திரண்டு. மாதத்திற்கு நான்கு வாரம் என்று வைத்து வாழ்ந்தால் நாற்பத்தெட்டுதான் கணக்கில் வரும். எஞ்சிய நான்கு சனிக்கிழமைக் கூலியும், ஐந்து சனி வரும் மாதங்களில் வந்த சுவடு தெரியாமல் கரைந்துவிடுகிறது. அந்த ஐந்தாம் சனியைத் தொடாமல் எடுத்து வைக்கும் வீடு பெருநாளுக்குக் கடன் வாங்காது. ஆர்டர் இல்லாத வாரத்தையும் ஓரளவு தாங்கும். தீபாவளிக்கு முன் வரும் போனஸ் நம் வீடுகளுக்கும் வருகிறது. ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்துக்கு அதில் ஒரு பங்கை அன்றே ஒதுக்காவிட்டால், ஜூனில் கம்மல் அடகுக்குப் போகும். பெருநாளும் ஆண்டுதோறும் ஏறக்குறையப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2033 ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பரில் மற்றொரு நோன்புப் பெருநாளும் வர இருக்கின்றன. ஆங்கில மாதத்தை மட்டும் நம்பி வரவு செலவு எழுதுவோர் அந்த ஆண்டு என்ன செய்யப் போகிறார்களோ!

நாளைக்கு எடுத்து வைப்பது தவக்குலுக்கு மாறு என்று கூறுவோர் சிலர் உண்டு. பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவைப் பெருமானார் (ஸல்) ஒதுக்கி வைத்தது நபிமொழித் தொகுப்புகளில் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் இவர்களுடன் வாதிடத் தேவையில்லை.

வாசலைவிட அகன்ற வழி ஒன்றுண்டு, அது வட்டி. வாரக் கடன் என்று ஒன்று தெருத்தெருவாக வருகிறது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். முடிந்ததும் அடுத்த பத்தாயிரம். ஆண்டில் ஐந்து முறை சுழற்றினால், கையில் வாங்கிய 8,500 ரூபாய்க்காகக் கொடுத்த வட்டி 7,500 ரூபாய். மேலே சொன்ன ஆண்டுத் தேநீர்க் காசு அப்படியே இங்கே போய்விட்டது! கந்துவட்டியைத் தடுக்க 2003 இல் தமிழகச் சட்டம் வந்தது. பிறகு குழுக்கடன் நிறுவனங்கள் சட்டப்படியே வந்தன. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 இல் நெறிமுறை வகுத்தது. பாதுகாப்புக்காக வகுத்த எல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லையே பாதி! பாதிக் கூலியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் வாழும் பெண்ணிடம் எண்ணெயைக் குறைக்கச் சொல்வதற்கு நமக்கு எத்துணைத் துணிவு!

வட்டி ஹராம் என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் அவளுக்கு மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கிறோம். வட்டியில்லாக் கடன் எங்கே கிடைக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இருக்கிறதா? பைத்துல்மால் அமைத்து, நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றிக் கடன் கொடுக்கும் ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. இது நடவாத காரியமன்று. பள்ளிவாசலுக்கு இரண்டாம் மினாரா எழுப்ப வசூலிக்கும் ஊக்கத்தில் பாதியை இதில் காட்டினால் போதும்.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபிமொழியைப் பெரும்பாலும் நாளைக் குறித்து மட்டுமே பொருள் கொள்கிறீர்கள். சனிக்கிழமை கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததென எண்ணுகிறீர்கள். விலைவாசி ஏறும்போது கூலி ஏறாவிட்டால், கொடுத்த கூலியிலேயே ஒரு பகுதி கொடுக்கப்படாமல் நிற்கிறது. 1984 இல் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காகவே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 இல் ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டு இறுதியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் ஷிப்ட் குறைந்தது. நொய்யலில் சாயத்தைக் கலந்தவர் தையல்காரர் அல்லர். வரி விதித்தவரும் அவர் அல்லர். ஆனால் அந்த வாரங்களின் துண்டு அவர் வீட்டுக் கணக்கில் விழுந்தது. அதனை அவருடைய ஊதாரித்தனம் என்று சொல்வது பொய்ச்சாட்சி.

இனிக் கைக்கூலிக்கும் விருந்துக்கும் வருவோம். தம் மகளார் பாத்திமா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் கொடுத்தனுப்பியவை ஒரு போர்வை, ஒரு தோல் துருத்தி, உள்ளே புல் அடைத்த ஒரு தோல் தலையணை. மஹராக அமைந்தது அலீ (ரலி) அவர்களின் போர்க்கவசம். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் பேரீச்சம்பழமும் பாலடைக்கட்டியும் நெய்யும்தாம். இவற்றையெல்லாம் நிகாஹ் மேடையிலேயே உருக்கமாக எடுத்துரைக்கிறோம். எடுத்துரைக்கும் மேடைக்கு மட்டும் பூ அலங்காரம் அரை லட்சம்! பெண் வீட்டார் விருந்து என்பது சுன்னத்தான வலீமாவும் அன்று. வலீமா மணமகன் பொறுப்பு. கேட்டு வாங்கும் கைக்கூலியை நாட்டுச் சட்டம் 1961 இலேயே குற்றமாக்கியது. மார்க்கமோ அதற்கு எதிர்த்திசையில் மஹரை விதித்தது. ஆயினும் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த திட்டம் பல்லாண்டு நடந்தது. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர். வரதட்சணை என்ற வழக்கம் இல்லாத நாட்டில் அந்தப் பெயருக்கே பொருள் இராது.

மொய் வந்து செலவை ஈடுகட்டிவிடும் என்பர். மொய் வருமானமன்று, கடன். அதற்கென ஒரு நோட்டுப் போட்டு, பெயர், ஊர், தொகை தவறாமல் எழுதுகிறோம். கடனை எழுதி வைக்கும்படி பகரா அத்தியாயத்தின் (2:282) நீண்ட வசனம் இட்ட கட்டளையை நம்மவர் முழுமையாக நிறைவேற்றும் ஒரே இடம் மொய் நோட்டுதான் போலும்! அந்நோட்டின் கடைசிப் பக்கங்களில் வீட்டின் வார வரவு செலவையும் எழுதினால் காகிதமாவது வீணாகாது.

கௌரவம் என்பர். ஏழை கௌரவத்துக்காகச் செலவிடுகிறான் என்பது உண்மையே. அந்தக் கௌரவத்தின் அளவுகோலை அவன் செய்யவில்லை. ஊரில் வசதி படைத்தவர் இரண்டாயிரம் பேருக்குப் பந்தி வைத்தால், தையல்காரர் எண்ணூறு பேருக்காவது வைத்தாக வேண்டியிருக்கிறது. இருநூறு பேருக்கு வைத்தால் அவர் மகளை மாமியார் வீட்டில் குத்திக்காட்டுவர். தனி ஒருவர் இதை உடைக்கச் சொல்வது, வெள்ளத்தை ஒரு வாளியால் இறைக்கச் சொல்வது போன்றது. உடைக்க வல்லது ஜமாஅத். அதனிடம் நிகாஹ் பதிவேடு இருக்கிறது. கைக்கூலி வாங்கிய திருமணத்துக்குப் பதிவேட்டை அனுப்புவதில்லை என்றும், பெண் வீட்டு விருந்துக்கு இத்தனை பேர் என்றும் தீர்மானம் இயற்ற ஒரு மாலைப்பொழுது போதும். அத்தீர்மானத்துக்கு உயிர் கொடுப்பது அதன்பின் முதலில் வரும் திருமணம் யார் வீட்டுத் திருமணம் என்பதே. கட்டிங் மாஸ்டர் வீட்டில் தொடங்கினால், இல்லாத குறைக்குச் சட்டம் போட்டுக்கொண்டார்கள் என்று ஊர் நகைக்கும். ஏற்றுமதியாளர் வீட்டில், அதுவும் தலைவர் அல்லது செயலாளர் மகளின் நிகாஹில் தொடங்கட்டும். அடுத்த ஷவ்வாலில் அத்தகைய வீடுகளில் திருமணம் இல்லாமலா போகும்?