ஹெட்லைட்டுக்குள்ள தண்ணீர்: ஊட்டி ரோட்டில் ‘நார்மல்தான் சார்’ என்ற பதில் போதுமா?

மழை சீசன் வந்தாலே நீலகிரியில் இந்தக் காட்சி சகஜம். கார் ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கும். சில வண்டிகளில் அடியில் தண்ணீரே தேங்கி நிற்கும். சர்வீஸுக்கு விட்டால் பெரும்பாலும் ரெண்டே பதில்தான். ஒன்று, ‘இது நார்மல்தான் சார்’. இன்னொன்று, ‘முழு செட்டையே மாத்தணும்’.

நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கசியும் இடத்தைக் கண்டுபிடித்து, பழைய சீலை எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டுவது. மலையில் வண்டி ஓட்டுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்த மூன்றாவது பதிலைத்தான். ஏன்னு பார்ப்போம்.

ஹெட்லைட்டும் மூச்சு விடும்

ஹெட்லைட் என்பது காற்றே புகாத டப்பா இல்லை. பல்ப் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். இதைச் சமாளிக்கத்தான் பின்பக்கம் ‘வென்ட்’ எனப்படும் சின்னக் காற்றுத் துளைகளை வைத்தே தயாரிக்கிறார்கள்.

இப்போ நம்ம மலைக்கு வாங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குன்னூர் வழியாக 50 கி.மீ. சொச்சம் ஏறுவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேலே போகப் போக சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே கதைதான். ஏறும்போது ஹெட்லைட் காற்றை வெளியே தள்ளும். இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த நேரம் பர்லியார் பக்கம் மழை கொட்டினால் காற்றோடு ஈரமும் வரும். சீலில் விரிசல் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சிவிடும்.

கூடவே குளிர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். கீழே புழுக்கத்தில் உள்ளே போன காற்று மேலே வந்து குளிர்ந்தால், மிச்ச ஈரம் கண்ணாடியில் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கிற மாதிரி.

எது நார்மல், எது கசிவு?

ஆகவே ‘நார்மல்’ என்பது முழுப் பொய் இல்லை. மெல்லிய பனி படர்ந்து, லைட் போட்டு ஓட்டியதும் அல்லது வெயில் பட்டதும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். எல்இடி விளக்குகளில் மறைய இன்னும் நேரமாகும். ஹாலஜன் பல்ப் மாதிரி அது கண்ணாடியைச் சூடாக்காது, அதன் சூடு பெரும்பாலும் பின்பக்கமே போய்விடும்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 10 லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய ஹெட்லைட் என்றே வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் முழுவதையும் பிழிந்தாலும் 0.3 கிராம்தான். அதாவது ஆறேழு சொட்டு. ஒரு மழை நாளுக்குப் பிறகு அடியில் ஸ்பூன் கணக்கில் தண்ணீர் நின்றால், அது காற்றிலிருந்து வந்தது இல்லை, வெளியிலிருந்து புகுந்தது. அங்கே ‘நார்மல்’ என்ற பதில் செல்லாது.

சும்மா அழகுப் பிரச்சினையா?

இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். மூடுபனியில் அதே வெளிச்சம் நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். முன்னால் 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. கோத்தகிரி ரோட்டில் மாலையிலேயே மூடுபனி இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட் வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து வருபவரையும், இருட்டோடு இருட்டாக நிற்கும் காட்டெருமையையும் காட்டப்போவது இந்த விளக்குதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு உரியத் தொடங்கும். அது போனால் போனதுதான். அப்போ நிஜமாகவே செட்டை மாற்ற வேண்டிவரும்.

எங்கே தொடங்குவது?

முதலில் பின்பக்க ரப்பர் மூடியைப் பாருங்கள். வெளியில் வாங்கிய எல்இடி பல்ப் போட்டதால் மூடி சரியாக உட்காமல் இருக்கலாம். அடுத்து வென்ட் குழாய்: கழன்றிருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா? அப்புறம் கண்ணாடி விளிம்பில் கீறல். எதுவும் சிக்காவிட்டால் பஞ்சர் கடை டெக்னிக்தான். விளக்கைக் கழற்றி, மற்ற துளைகளை அடைத்து, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, லேசாகக் காற்று ஊதினால் கசியும் இடத்தில் நுரை வரும்.

சீல்தான் போயிருக்கிறது என்றால், ஒட்டியிருக்கும் பசை எது என்பது முக்கியம். பியூட்டைல் ரப்பர் சூடு காட்டினால் இளகும். சுமார் 100 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்து, கண்ணாடியைப் பிரித்து, பழைய பசையை முழுசாகச் சுரண்டி, உள்ளே ஈரம் போகக் காயவைத்து, புது பியூட்டைல் வைத்து அழுத்தி மூடலாம். சில மாடல்களில் இருப்பது இறுகிப்போகும் பாலியூரித்தேன் பசை. அது சூட்டுக்கு இளகாது. வலுக்கட்டாயமாகப் பிரித்தால் உடையும்.

செய்யவே கூடாதவை: கண்ணாடியைச் சுற்றி சிலிகானை அப்பி வென்ட்டையும் சேர்த்து அடைப்பது. வினிகர் வாசம் அடிக்கும் சிலிகானைப் பயன்படுத்துவது, அதன் அமிலம் ரிஃப்ளெக்டரை அரிக்கும். தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஓட்டை போடுவது. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைப்பது. வாரன்டி இருந்தால் எதையும் பிரிக்காமல், போட்டோ எடுத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

ரிப்பேர் நம்ம உரிமை

ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி கசிந்தால் யார் பொறுப்பு என்று சர்வீஸ் தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரிஸ்க்கைச் சொல்லிவிட்டு, முடிவை வாடிக்கையாளரிடம் விட்டுவிடலாமே? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்துவிட்டது. ரப்பர் மூடி, வென்ட் மூடி எல்லாம் தனியாக உதிரிபாகமாகக் கிடைக்க வேண்டும். எந்த மாடலில் எந்தப் பசை என்பது மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டும். சொந்த டாக்ஸியை நம்பிப் பிழைப்பவருக்கு, சில கிராம் பசையில் முடியும் வேலைக்கு முழு செட் பில் என்பது அநியாயம்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஜூனுக்கு முன்பும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பும் ஒருமுறை ஹெட்லைட்டைக் குனிந்து பார்த்துவிடுங்கள். அடியில் தண்ணீர் இருந்தால், ‘எங்கே கசியுது?’ என்ற கேள்விக்குப் பதில் வராமல் பில்லுக்கு ஓகே சொல்லாதீங்க.