கூகுளில் வராததெல்லாம் இல்லாததா?

கோவண்டி, மான்குர்டு, சீத்தா கேம்ப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று பட்டப்படிப்பு, முதுகலை என்று படித்து வருகிறார்கள். நீ வசிக்கும் பகுதியைப் பற்றி ஆராய்ந்து எழுதி வா என்று கல்லூரியில் சொன்னால், கைப்பேசியை எடுத்துக் கூகுளில் தட்டுகிறார்கள். வாடகை வீட்டு விளம்பரம், பின்கோடு, பஸ் தடம், அடிதடிச் செய்தி எல்லாம் வந்து குவிகின்றன. "நம்ம ஏரியாவைப் பற்றி ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு தவறானது. நமக்கு நஷ்டமானதும் கூட.

சீத்தா கேம்ப்பையே எடுத்துக்கொள்வோம். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியில் சுமார் 70,000 பேர் வாழ்ந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அவர்களுக்காக முன்நின்று போராடியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்தவர், 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-ல் காலமானார். அந்தப் போராட்டத்தை அவரே விவரிக்கும் கட்டுரை ஒன்று 2008-ல் 'என்விரான்மென்ட் அண்டு அர்பனைசேஷன்' என்ற ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. 'கூகுள் ஸ்காலர்' என்ற தனிப் பக்கத்தில் அவர் பெயரையும் ஜனதா காலனி என்பதையும் ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால் அதைப் பிடிக்கலாம். நம் தெருவின் கதை வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

சாதாரணத் தேடல் என்பது ஸ்டேஷன் விசாரணை கவுண்டர் மாதிரி. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வார்கள். முப்பது வருடத்துப் பழைய ரிஜிஸ்டரை அங்கே போய்க் கேட்டால் கிடைக்குமா? அதற்கு ரிக்கார்டு அறைக்குத்தான் போகவேண்டும்.

அப்படிப்பட்ட ரிக்கார்டு அறைகளில் பெரியது 'சோத்கங்கா'. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற மத்திய நிறுவனம் இதை நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. கட்டணம் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழிலேயே எழுதப்பட்ட ஆய்வேடுகளும் உண்டு. ஆனால் இங்கே ஒரு சிக்கல். பல ஆய்வேடுகள் தாளைப் படம் பிடித்து ஏற்றியவை. இன்னும் பல, யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த பழைய எழுத்துருக்களில் அச்சடித்தவை. திரையில் நமக்குத் தமிழாகத் தெரிவது, தேடும் இயந்திரத்துக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஆகவே தலைப்பு, பல்கலைக்கழகம், துறை, வழிகாட்டியின் பெயர் என்று பட்டியல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்கவும் வேண்டும். சீத்தா என்பதையே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்!

ஒரு நல்ல ஆய்வேடு அகப்பட்டால் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அவர் படித்த நூல்கள், கட்டுரைகளின் பட்டியல் அங்கே இருக்கும். அது முன்னோர் வழி. ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் 'சைட்டட் பை' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால், பின்னால் வந்தவர்களில் யார் யார் அக்கட்டுரையை எடுத்தாண்டார்கள் என்று தெரியும். அது வாரிசு வழி. கட்டுரையைப் படிக்கக் காசு கேட்டால் உடனே பின்வாங்க வேண்டாம். 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைத் தொட்டால் சில சமயம் வேறு இடத்தில் இலவசப் பிரதி இருக்கும். ஆய்வு என்று பெயர் இருப்பதாலேயே எல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய ஆய்வேடுகளும் அதற்குள் இருக்கின்றன.

இனி அரசிடம் கேட்கவேண்டியது. 'ஒரு நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அரசு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அடக்கம். நல்ல திட்டம்தான். ஆனால் பலன் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கும் என்று வகுத்திருக்கிறார்கள். தனியார் கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே தானாகப் படிக்கும் குமாஸ்தாவுக்கும் என்ன வழி? அவர்கள் கட்டும் வரியும் அந்த 6,000 கோடியில் இருக்கிறது. பொது நூலகங்களுக்கு இதை விரிவுபடுத்துவதில் என்ன கஷ்டம்?

கோவண்டிக்குப் பக்கத்திலேயே, தேவ்னாரில், டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. 2011-ல் அது நமது எம் கிழக்கு வார்டுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. நம் சால்களுக்கும் குடிசைகளுக்கும் நோட்டுப் புத்தகத்துடன் எத்தனையோ பேர் வந்து கேள்வி கேட்டுப் போகிறார்கள். எத்தனை பேர் வீட்டில்? தண்ணீர் எப்போது வருகிறது? என்ன வருமானம்? நாமும் டீ கொடுத்துப் பதில் சொல்கிறோம். என்ன எழுதினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாநகராட்சியிடம் மனு எழுதும்போது அந்தக் கணக்குகள் கையில் இருந்தால் மனுவின் கனமே வேறு.

நமது தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டர், தேடத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்று ஏற்பாடு செய்வது பெரிய செலவு அல்ல. ஜனதா காலனியை நேரில் பார்த்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முதல் ஞாயிறு அற்புதத்தின் கட்டுரையை இறக்கி, அவர்களை உட்கார வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டலாம். விட்டுப்போனது என்ன என்று அவர்கள் சொல்வார்கள். அதையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.