மேலே கூரை வேலை, கீழே குடித்தனம்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்றார்கள் பெரியவர்கள். இரண்டையும் விடக் கஷ்டமான மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. குடியிருக்கும் வீட்டையே இடித்து, அதற்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, புது வீடாக்குவது. வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கும், பசுவையும் தோட்டத்தையும் விட்டுப் போக முடியாதவர்களுக்கும் இதைத் தவிர வேறு வழி ஏது?

இதில் உள்ள சிரமங்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், ஊட்டிக்கு அப்பால் குந்தா மலைப் பக்கம் இருக்கும் மஞ்சூருக்கு வாருங்கள், சகோதரிகளே. அங்கே ஒரு வீட்டைச் சமாளிக்கத் தெரிந்தவருக்குச் சென்னையும் மதுரையும் ஒரு பொருட்டல்ல.

முதல் எதிரி மழை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மஞ்சூருக்கு அருகில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது! அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா? மழை விட்டதும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஈரச் சிமெண்டு குளிரில் சீக்கிரம் இறுகாது; உறைபனி பட்டால் புதுப் பூச்சு கெட்டும் போகும். ஆக, நிம்மதியாக வேலை செய்ய பிப்ரவரி முதல் மே வரை நாலே மாதம்.

அந்த நாலு மாதத்தில்தானே குழந்தைகளின் பொதுப் பரீட்சையும் வருகிறது? “பையன் படிக்கிறான், சுத்தியலை நிறுத்துங்கள்” என்று அம்மா சொல்ல, “இன்னும் பத்தே நாள், அம்மா” என்று மேஸ்திரி சொல்ல, வீடு ரணகளமாகிவிடும். மேஸ்திரியின் பத்து நாளுக்குப் பஞ்சாங்கத்தில் கணக்கே கிடையாது!

இதற்கு உபாயம், மழைக் காலத்தை வீணாக்காமல் இருப்பதுதான். அனுமதி, வரைபடம், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் அப்போதே முடித்துவிட வேண்டும். நீலகிரியில் கட்டடம் கட்டவும், யந்திரம் கொண்டு மண் வெட்டவும் முன் அனுமதி வேண்டும். காரமடையிலிருந்து கெத்தை வழியாக வரும் மலைப்பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். மணலும் கம்பியும் நினைத்த நேரத்தில் வந்து இறங்கிவிடாது. சாமான் வந்து சேர்ந்த பிறகுதான் முதல் ஓட்டில் கை வைக்க வேண்டும்.

இனி, எதை முதலில் இடிப்பது? அரண்மனைக்காரர்களிடமே கேட்போம். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அறுபது வருஷத்துக்கும் மேற்பட்ட மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்ற 2017-ல் வேலை தொடங்கினார்கள். பத்து வருஷத் திட்டம். அரண்மனையை மூடவில்லை. ஒவ்வொரு பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் வேலை நடக்கும்போது மறு பக்கம் காரியங்கள் நடந்தன. மாறாக, அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் காலத்தில், வெள்ளை மாளிகையில் பியானோவின் கால் தரைப் பலகைக்குள் இறங்கிவிட்டது. கட்டடம் அவ்வளவு பலவீனம் என்று தெரிந்ததும் 1948-ல் குடும்பமே எதிர் வீட்டுக்குப் போயிற்று, திரும்பியது 1952-ல். சுவரும் உத்தரமும் ஆட்டம் கண்ட வீட்டில் குடியிருந்துகொண்டே வேலை செய்வது தைரியம் அல்ல, அசட்டுத்தனம். அந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் வெளியேறச் சொன்னால் உறவினர் வீட்டுக்காவது போய்விடுங்கள்.

இருக்கலாம் என்று சொல்லிவிட்டாரா? அப்படியானால் ஓர் அறையை ‘தொடாத அறை’ என்று தீர்மானம் செய்யுங்கள். வயதானவர்கள், குழந்தைகள், பத்திரங்கள், அரிசி எல்லாம் அங்கே. இன்னோர் அறை முழுதும் முடியும்வரை அதில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அதுவே இடம். உடைக்கிற வேலை பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூரையை ஒரு பக்கமாகப் பிரித்து, அதை மூடிய பிறகே மறு பக்கம். தார்ப்பாய் எப்போதும் கைக்கெட்டிய இடத்தில் இருக்கட்டும். வீட்டில் கழிப்பறை ஒன்றே ஒன்றுதானா? புதியது பயன்பாட்டுக்கு வராமல் பழையதை இடிக்க விடாதீர்கள்.

அடுத்து அடுப்பங்கரை. காலையில் ஆறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்கள் இந்த மலையில் எத்தனை பேர்! அடுப்பை இடம் மாற்றுவது ஆண்களுக்கு ஒரு வார்த்தை, அவர்களுக்கு நாலு மாதத் தண்டனை. தற்காலிக அடுப்புக்குத் தண்ணீரும் ஜன்னலும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரி எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலையில் இப்படி நேர்ந்த மரணங்கள் உண்டு.

தூசியிலும் ஜாக்கிரதை வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாகவே இறக்கச் சொல்லுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

கடைசியாக ஒரு பேராசை. “அப்படியே பின்பக்க மேட்டை வெட்டி இன்னோர் அறை போட்டுவிடலாமே” என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவை வெட்டினால், தண்ணீர் வடியத் துளைகள் விட்ட தடுப்புச் சுவர் வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் அந்த அறையும் வேண்டாம்.

இதையெல்லாம் சொல்வதன் சாரம் ஒன்றுதான். புது வீட்டுக்குப் படம் வரைவதற்கு முன், அந்த நாலு மாதமும் எங்கே சமைப்பது, எங்கே குளிப்பது, பாட்டி எங்கே படுப்பது என்று ஒரு படம் வரையுங்கள். அந்தப் படத்தை வரைய வேண்டியவர் மேஸ்திரி அல்ல. வீட்டை நடத்துகிற நீங்கள். அதை வீட்டிலுள்ள எல்லோரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மேஸ்திரிக்கு முன்பணம் கொடுங்கள். மீதிப் பணத்தையும் நாள் கணக்கில் தராமல், வேலை முடிய முடியக் கொடுங்கள். அப்போது அவருடைய பத்து நாள் பதினைந்தாவது நாளாவது முடியும்!