ஐந்தாவது குருவி



விவிலிய நாடுகளின் வறண்ட மலைப் பள்ளத்தாக்குகளில், புதர்களுக்கும் யூனிப்பர் மரங்களுக்கும் நடுவே ஒரு சிறு பாடும் பறவை வாழ்கின்றது. பறவையியலாளர் அதனைச் சிரியச் செரின் என்பர். சாம்பல் படர்ந்த மேனி. நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் பொன்மஞ்சள். நீளமோ ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். லெபனான், சிரியா மலைகளிலும், எர்மோன் மலைச் சரிவுகளிலும், யோர்தானின் டானா பகுதியிலும் அது கூடு கட்டுகின்றது. எர்மோனின் பனியைத் திருப்பாடல் 133 வழியாக அறிந்திருக்கும் நாம், அந்த மலையில் வாழும் இக்குருவியை அறியாதிருக்கின்றோம்.

இதன் முக்கிய உணவு விதைகள். உலர்ந்த விதையில் ஈரம் ஏது? ஆதலால் அது நாள்தோறும் நீரைத் தேடிச் சென்றே ஆகவேண்டும். ஓர் ஊற்று வற்றினால், அதனை நம்பியிருந்த குருவிகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் இடமில்லை. மழை பொய்த்தல், விறகுக்காக மரம் தறித்தல், அளவுக்கு மீறிய மேய்ச்சல், ஊற்று நீரை மனிதர் தம் தேவைக்குத் திருப்புதல் ஆகியன இப்பறவையை நெருக்குகின்றன. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. அங்குள்ள இடையரும் ஏழைகளே. அவர்களுக்கும் நீர் வேண்டும். பழியை அவர்கள் தலையில் சுமத்துவது நீதியன்று.

மத்தேயு நற்செய்தியில் (10:29) இரண்டு குருவிகள் ஒரு காசுக்கு விற்கப்படுகின்றன. லூக்காவிலோ (12:6) ஐந்து குருவிகள் இரண்டு காசுக்கு. கணக்குப் பாருங்கள்: ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, கொசுறாகக் கொடுக்கப்பட்டது! அந்தக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல் சிட்டுக்குருவியை மட்டுமன்றி, சிறு பறவைகளைப் பொதுவாகவும் குறிக்கக்கூடியது.

இப்பகுதியை நாம் எவ்வாறு கேட்கின்றோம்? குருவிகளைவிட நாம் மேலானவர்கள் என்னும் ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றோம். அந்த ஆறுதல் உண்மையானதே. ஆனால் அது எதன்மீது கட்டப்பட்டிருக்கின்றது? குருவி மறக்கப்படவில்லை என்பதன்மீதே. அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டுக் கூரையின்கீழ் அமர விரும்புகின்றோம் நாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், நம் பொருட்டு அழிந்துபோகும் உயிரினங்கள் தம் இருப்பினால் இனிக் கடவுளை மாட்சிப்படுத்த இயலாது என வருந்தினார். அப்படி அழிய விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை என்றும் உறுதியாகக் கூறினார்.

திருப்பாடல் 104ஐ இன்றிரவு குடும்பச் செபத்தில் மெதுவாக வாசியுங்கள். பள்ளத்தாக்குகளில் ஊற்றுகள் சுரக்கின்றன. முதலில் காட்டு விலங்குகள் பருகுகின்றன. அடுத்து அந்நீரருகே பறவைகள் தங்கிப் பாடுகின்றன. மனிதன் வருவது அதற்கும் பின்னர், 14ஆம் வசனத்திலேதான்.