சோலைத் துண்டுகளைக் காக்க யார் கற்பிப்பது?

எது காடு என்கிற கேள்வி மீண்டும் விவாதத்துக்கு வந்திருக்கிறது. யாருடைய உடைமையாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்பட்டதிலிருந்து எழுந்த வழக்கு அது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அந்த வரையறையைச் சுருக்கியது. திருத்தத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், பழைய வரையறையையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இந்த விவாதம் அவசியமானதுதான். ஆனால், தன் பட்டா நிலத்தில் ஐந்து ஏக்கர் சோலை வைத்திருக்கும் ஒருவர் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்கிற கேள்விக்கு இதில் இடமே இல்லை. என் கவலை அதைப் பற்றியது.

ஓரமும் உட்புறமும்: ஆனைமலையில் உள்ள வால்பாறைப் பீடபூமி இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, தேயிலைக்காகவும் காபிக்காகவும் அங்கு மழைக்காடு அழிக்கப்பட்டது. எஞ்சிய சோலைகள் தேயிலைப் பரப்புக்கு நடுவே தீவுகளாக நிற்கின்றன. அவற்றில் பல தனியார் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. சோலைமந்தியும் மலை இருவாச்சியும் இன்றும் அவற்றை நம்பி வாழ்கின்றன.

துண்டாடப்பட்ட காட்டின் முதன்மைச் சிக்கல் அதன் ஓரம். வெயிலும் காற்றும் ஓரத்தின் வழியே உள்ளே நுழைகின்றன. ஈரம் குறைகிறது, பெருமரங்கள் சாய்கின்றன, உண்ணிச்செடி பரவுகிறது. இந்தப் பாதிப்பு ஓரத்திலிருந்து 25 மீட்டர் வரை நீள்வதாக வைத்துக்கொள்வோம். சதுர வடிவில் உள்ள நான்கு ஹெக்டேர் சோலையில் 2.25 ஹெக்டேர் பாதிப்பில்லாத உட்புறமாக மிஞ்சும். அதே பரப்பு ஒரு ஹெக்டேர் வீதம் நான்கு தனிச் சதுரங்களாகச் சிதறியிருந்தால், உட்புறம் மொத்தமே ஒரு ஹெக்டேர்தான். ஓடையோரம் 50 மீட்டர் அகலத்தில் நீண்டு கிடந்தால் உட்புறம் என்று எதுவுமே இராது. பாகப்பிரிவினையில் சோலை நான்காகி, நடுவே பாதைகளும் வீடுகளும் வரும்போது, வெட்டப்பட்ட மரங்கள் சிலவே ஆனாலும் இழப்பு பெரிது. பத்திரத்தில் பரப்பு குறைவதில்லை என்பதால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

நல்லெண்ணத்தின் தவறுகள்: சோலையை நேசிக்கும் உரிமையாளர்கூட அறியாமல் அதற்குக் கேடு செய்துவிடலாம். சுத்தமாக இருக்கட்டும் என்று அடிச்செடிகளை அகற்றும்போது, நாளைய மரங்களான கன்றுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. பொந்து விழுந்த முதிய மரம் பயனற்றது என்று வெட்டப்படும்போது, இருவாச்சி கூடமைக்கும் இடம் பறிபோகிறது. வெற்றிடத்தை நிரப்ப, விரைவில் வளரும் சில்வர் ஓக் நடப்படுகிறது. பசுமை கூடியதுபோலத் தோன்றினாலும், வெடிபலாவை நம்பியிருக்கும் சோலைமந்திக்கு அதில் உணவில்லை.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் காடு தானே மீளும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, தோட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சீரழிந்த சோலைகளில் களைகளை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டுவருகிறது. இவ்வாறு மீட்கப்பட்ட இடங்கள், தாமாக மீளட்டும் என்று விடப்பட்ட இடங்களைவிட மரவகைகளிலும் சேமித்த கரிமத்திலும் முன்னேறியிருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நிலத்தின் உடைமை தோட்டங்களிடமே இருக்கிறது. மாறியது பராமரிப்பு முறை மட்டுமே.

வால்பாறையில் அறிந்தவர்கள் அருகில் இருந்தார்கள். தாண்டிக்குடியிலோ ஏற்காட்டிலோ மரநிழலில் காபி பயிரிடும் சிறு விவசாயிக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அவருடைய காபிக்கும் மிளகுக்கும் ஆலோசனை சொல்ல அரசுத் துறைகளும் வாரியங்களும் இருக்கின்றன. சோலைக்கென்று வருபவர் பெரும்பாலும் விதிமீறலை விசாரிப்பவராகவே இருக்கிறார். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கின்றன. இந்தத் தடைகள் இல்லாதிருந்தால் இன்றிருக்கும் சோலைகளும் மிஞ்சியிரா. அவற்றைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தடை மட்டுமே தெரிந்த இடத்தில் அச்சம் வளர்கிறது. மரம் வளர்ந்தால் நிலம் காடாகிவிடும், உரிமை போய்விடும் என்று அஞ்சுபவர், தானாக முளைத்த ஈட்டிக் கன்றை வளரவிடத் தயங்குவார்.

செய்ய வேண்டியவை: தமிழகத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த, பசுமைத் தமிழகம் இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டது. கன்றுகளின் எண்ணிக்கையோடு இதன் வெற்றி முடிந்துவிடக் கூடாது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை பத்து விழுக்காடு இருந்தாலே, அது எந்த மரமானாலும் தேசிய வன அறிக்கை அதை வனப்பரப்பாகக் கணக்கிடுகிறது. சில்வர் ஓக்கும் சோலையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஆகவே, மலை வட்டாரம் ஒவ்வொன்றிலும் தனியார் சோலைகளுக்கென ஆலோசகர் ஒருவர் வேண்டும். வனத் துறை நாற்றங்கால்களில் அந்தந்த மலைக்குரிய கன்றுகள் கிடைக்க வேண்டும். அடுத்தடுத்த நிலத்தவர்கள் சேர்ந்து தங்கள் துண்டுகளை இணைக்க முன்வந்தால் அதற்கு உதவித்தொகை தரலாம். சோலையைப் பேணுவதால் வருமானத்தை இழப்பவரிடம் அறிவுரை மட்டும் சொல்வது நியாயமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீட்டெடுத்த சோலையால் நில உரிமைக்குப் பாதகம் நேராது என்று அரசு எழுத்துபூர்வமாக உறுதியளிக்க வேண்டும். எது காடு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அதற்குள் இந்தச் சிறு சோலைகள் அழிந்துவிடாமலிருக்க, அவற்றை வைத்திருப்பவர்களிடம் அரசு இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.