ஆஸ்பத்திரி பில்லும் செக்ரோலும்

போன வாரம் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துப் பக்கம் ஒரு தங்கையைப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பம். மாமியாருக்குப் பெரிய ஊர் தனியார் ஆஸ்பத்திரியில் இதய வால்வு ஆபரேஷன். அம்மா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். தங்கைதான் பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, டி.இ.இ. என்றால் என்ன? மயக்க டாக்டர் கணக்கிலும் இருக்கிறது, ஸ்கேன் கணக்கிலும் இருக்கிறது. சங்கிலியை அடகு வைத்துக் கட்டின பணமாச்சே!"

நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோ அல்ல இது. ஆள் மயக்கத்தில் இருக்கும்போது, நுனியில் ஒலி அலைக் கருவி பொருத்திய குழாயை வாய் வழியாக உணவுக் குழாய்க்குள் இறக்குவார்கள். உணவுக் குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போகிறது. அதனால் படம் தெளிவாக விழும். தைத்த வால்வு கசிகிறதா என்று நெஞ்சை மூடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஆகவே வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

ஒரே வேலைக்கு இரண்டு முறை பணமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசாங்கக் காப்புறுதிக்கு இதில் ஒரு விதி உண்டு. மயக்க டாக்டர் ஆளைக் கண்காணிக்க மட்டும் இதைப் பார்த்தால், அது மயக்கக் கட்டணத்திலேயே அடக்கம். நோயைக் கண்டறியப் பார்த்து அறிக்கையும் எழுதினால் தனியாகக் கேட்கலாம். அந்த விதி நம் நாட்டில் செல்லாது. ஆனால் கேட்பதற்கு என்ன? செக்ரோலில் ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு பேர் விழுந்தால் கிராணி சும்மா விட்டாரா?

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவமனைச் சட்டமும் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளும்தான் அவை. டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். மருந்து, கருவி, மற்றச் சாமான்களுக்கு அந்த வரம்பு கிடையாது. பில் ஏறுவது அங்கேதான். படுக்கையில் சேர்க்கும் முன்பே உத்தேசச் செலவைக் கேளுங்கள். முடிந்தபின் வரி வரியாகப் பிரித்த பில் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். பதில் சரியில்லை என்றால் முதலில் ஆஸ்பத்திரியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

தங்கை மறுநாளே போய்க் கேட்டாள். ஒரு வரி டாக்டருக்கு, மற்றது கருவிக்கும் அதன் உறைக்கும் என்று எழுதியே கொடுத்தார்களாம். சந்தேகம் தீர்ந்தது. சங்கிலியை மீட்கத்தான் இன்னும் ஐந்து மாதம் ஆகும் என்கிறாள்.