இராசியும் எண்ணும்

‘கைராசிக்காரர்’, ‘இராசியில்லாதவர்’, ‘அவனுக்கு யோகம் அடித்தது’, ‘இது என் தலையெழுத்து’ என்னும் சொற்களை நாள்தோறும் கேட்கின்றோம், நாமும் சொல்லுகின்றோம். தேர்வில் வென்றவன் தன் எழுதுகோலின் இராசியைப் புகழ்கின்றான். தோற்றவனோ காலையில் எதிர்ப்பட்டவரை நொந்துகொள்கின்றான். சொல் சிறியது, அதனால் விளையும் தீமையோ பெரிது. ஆதலின், இராசி என்று நாம் வழங்குவது யாது, அதனை அளந்தறிய வழியுண்டா என ஆராய்தல் நம் கடமையாகும். அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் ஒன்று நம் நாட்டிலேயே உளது. அது மரக்காணத்து உப்பளம்.

புதுவைக்கு வடக்கே வங்கக் கடலோரத்தில் அமைந்தது மரக்காணம். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எனக் கருதும் அறிஞரும் உளர். ஒருபால் கடலும், ஒருபால் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும் சூழ்ந்த அந்நிலத்தில், வரப்பு வகுத்த பாத்திகள் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராமே ஆகும். அந்நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பின்னரே நாம் உண்ணும் உப்புப் படியத் தொடங்கும். ஆதலின், உழவன் மழையை நோக்கி வாழ்வது போல, உப்பு விளைப்போன் வெயிலை நோக்கி வாழ்கின்றான். நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிப் பல நாள் காத்திருந்து அவன் விளைத்த உப்பை, எதிர்பாராத ஒரு மழை சிறிது நேரத்தில் கரைத்துவிடும். உழைப்பு மிகுதி, உறுதி குறைவு. இத்தகைய தொழில் நடக்கும் இடத்தில் இராசியைப் பற்றிய பேச்சுப் பிறப்பதில் வியப்பில்லை.

கோடையில் ஒருநாள் மாலை இடியுடன் மழை எழுகின்றது எனக் கொள்வோம். கீழ்ப்புறத்துப் பாத்திகள் நனைந்து பாழாகின்றன. மேல்புறத்தில் ஒரு துளியும் விழவில்லை. உடனே, மேல்புறத்தான் இராசிக்காரன் என்றும், கீழ்ப்புறத்தான் இராசியற்றவன் என்றும் ஊர் பேசத் தொடங்கும். மேகம் பாத்திக்கு உரியவரின் பெயரைக் கேட்டுப் பெய்வதில்லை. காற்றின் போக்கும், வெப்பமும், ஈரமும் கூடிய இடத்தில் அது பொழிந்தது. காரணம் இல்லாமல் நிகழ்வது வேறு. காரணம் நம் அறிவுக்கு எட்டாமல் நிகழ்வது வேறு. பின்னதையே நாம் தற்செயல் என்கின்றோம். தற்செயலை ஓர் ஆளாகவோ, ஓர் ஆளின் குணமாகவோ எண்ணுவதே இராசி பற்றிய பிழைகளுக்கெல்லாம் வேராகும்.

காரணம் எட்டாத நிகழ்ச்சியையும் அளக்கும் கலை ஒன்று உண்டு. அதற்கு நிகழ்தகவு என்று பெயர். நிகழ் என்பது நடத்தலைக் குறிக்கும். தகவு என்பது தகுதியைக் குறிக்கும். ஒரு செயல் நிகழ்வதற்கு எவ்வளவு தகுதியுடையது என அளப்பதே இக்கலையாகும். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களாகிய பாஸ்கலும் பெர்மாவும் 1654ஆம் ஆண்டில் சூதாட்டக் கணக்கொன்றைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து இது ஒரு தனிக் கணக்காக வளர்ந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு யாக்கோபு பெர்னூலி இயற்றி, அவர் மறைந்த பின் 1713ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அதன் அடிப்படை உண்மை ஒன்றை நிறுவிக் காட்டியது. அவ்வுண்மையை நீங்கள் வகுப்பறையிலேயே கண்டறியலாம்.

ஒரு காசைச் சுண்டி, ‘பூவா தலையா’ என்று கேளுங்கள். எது விழும் என யாராலும் சொல்ல இயலாது. பத்து முறை சுண்டினால் ஏழு முறை பூவே விழுதலும் கூடும். ஆயின், ஆயிரம் முறை சுண்டினால் பூவின் எண்ணிக்கை ஐந்நூற்றை ஒட்டியே நிற்கக் காண்பீர்கள். ஒன்றில் புலப்படாத ஒழுங்கு பலவற்றில் புலப்படுகின்றது. ஒரு நாளின் மழையை நாம் அறியோம்; பல ஆண்டுகளின் மழையை அறிவோம். ஐப்பசித் திங்களில் இன்ன நாளில் மழை வரும் என ஓராண்டுக்கு முன்னே சொல்ல வல்லார் இலர். ஆயினும், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழச் செம்பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் என்பதைப் பல்லாண்டுக் கணக்குக் காட்டுகின்றது. அதனாலேயே மரக்காணத்தார் அம்மழைக்கு முன்னரே உப்பை வாரி, மேட்டில் குவித்து, மூடி வைக்கின்றனர். கணக்கு நூல் கற்றிலராயினும், அவர்கள் செய்வது நிகழ்தகவு அறிந்த செயலே ஆகும்.

இனி, கைராசி என்பதை ஆராய்வோம். 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டுகின்றனர் என வைத்துக்கொள்வோம். முதல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூ விழும். அவர்களுள் பாதிப் பேருக்கு இரண்டாம் முறையும் பூ விழும். இவ்வாறு பத்து முறை பாதி பாதியாகக் குறைந்து வர, இறுதியில் ஒருவர் எஞ்சுவார் என்பது கணக்கு. பத்து முறையும் தொடர்ந்து பூவே விழக் கண்ட அவரை ஊரார் என்னென்று புகழ்வர்! அவர் கையில் பொன் விளையும் என்பர். அவரைக் கொண்டு கடை திறப்பர். அவர் கையில் ஒரு சிறப்பும் இல்லை. அத்துணைப் பேர் சுண்டினால் அப்படி ஒருவர் தோன்றுவது எதிர்பார்க்கத் தக்கதே. அதே கூட்டத்தில், பத்து முறையும் தலையே விழக்கண்ட ஒருவரும் இருத்தல் கூடும். அவரை இராசியற்றவர் என ஒதுக்குவது நேர்மையாகுமா?

இக்கொடுமை விளையாட்டோடு நிற்பதில்லை. கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் வேலை கெடும் என்று கூறி, உழைத்து உண்ணும் ஒருத்தியின் மனத்தைப் புண்படுத்துவார் இன்றும் உளர். ‘அவள் எதிர்ப்பட்ட நாளில் மழை வந்தது, நான் கண்கூடாகக் கண்டேன்’ என்று அவர்கள் சான்று காட்டுவர். அச்சான்றை எண்ணிப் பார்ப்போம். உப்பு விளையும் பருவத்தில் 200 நாள்களை எடுத்துக்கொள்க. அவற்றுள் 50 நாள் அப்பெண் எதிர்ப்பட்டாள். அந்நாள்களுள் 5 நாள் மழை பெய்தது எனக் கொள்க. எதிர்ப்படாத 150 நாள்களுள் 15 நாள் மழை பெய்தது எனக் கொள்க. எதிர்ப்பட்ட நாளிலும் பத்தில் ஒன்று. எதிர்ப்படாத நாளிலும் பத்தில் ஒன்று. அவள் வரவுக்கும் மழைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், பழி சொல்வோன் அந்த ஐந்து நாளை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றான். அவள் எதிர்ப்பட்டும் மழையின்றிக் கழிந்த 45 நாளையும் மறந்தான். அவளைக் காணாமலே மழை பெய்த 15 நாளையும் மறந்தான். நிகழ்ந்ததை மட்டும் எண்ணி நிகழாததை விடுவது கணக்காகாது. அக்கணக்கைக் கொண்டு ஒருவர் மீது பழி சுமத்துவது அறமும் ஆகாது.

மற்றொரு பிழையும் உண்டு. ஒன்று பன்முறை நிகழ்ந்துவிட்டால், இனி அதற்கு மாறானதே நிகழும் என நம்புவது அது. 1913ஆம் ஆண்டு மான்டி கார்லோ நகரத்துச் சூதாட்ட மனையில், சுழலும் சக்கரத்தில் கருப்பு நிறமே 26 முறை தொடர்ந்து விழுந்தது. அடுத்த முறை சிவப்பே விழும் என்று ஒவ்வொரு முறையும் பணம் கட்டியவர் பெரும்பொருள் இழந்தனர். சக்கரத்துக்கு நினைவு இல்லை என்பதை அவர்கள் நினைத்திலர்.

இப்பிழை சூதாட்ட மனையில் பொருளைக் கெடுக்கும். கடற்கரையிலோ உயிரையே கெடுக்கும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. ‘பெரும்புயல் வந்து போயிற்று, இனி நம் காலத்தில் வாராது’ என்று எண்ணியிருந்தவர், 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் புதுவைக்கும் மரக்காணத்துக்கும் அண்மையில் ‘நிவர்’ புயல் கரை கடந்தபோது திகைத்திருப்பர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ‘பெஞ்சல்’ புயல் மீண்டும் புதுவையை அடுத்தே கரையேறிப் பெருமழை பொழிந்தது. புயலுக்கும் நினைவு இல்லை. ‘நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்’ என்று கூறினால், ஒரு முறை வந்தபின் நூறாண்டு வாராது என்பது பொருளன்று. ஒவ்வோர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அவ்வாறாயின், முப்பது ஆண்டுகளுள் ஒரு முறையேனும் அது வருவதற்கு நூற்றில் 26 பங்கு வாய்ப்பு உளது. கணக்கறிந்தவன் கரையைப் பலப்படுத்துவான். இராசியை நம்பியவன் உறங்கியிருப்பான்.

எண்ணிப் பார்த்தலின் பயனை நம் நாட்டு அறிஞர் ஒருவர் செயலிலும் காட்டினார். 1926ஆம் ஆண்டில் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருகிப் பெரும் வெள்ளம் ஏற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டமையே காரணம் என்றும், கரைகளை உயர்த்துதலே தீர்வு என்றும் வல்லுநர் கருதினர். பேராசிரியர் மகலனோபிசு ஏறத்தாழ அறுபது ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என்றும் கண்டார். ஒரு வெள்ளத்தைக் கண்டு அஞ்சியவர் ஒரு முடிவுக்கு வந்தனர். அறுபது ஆண்டை எண்ணியவர் வேறு முடிவுக்கு வந்தார். பின்னர் 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவரும் அவரே.

“முன்னோர் ஊழை நம்பினரே! அதனை மறுக்கலாமோ?” எனச் சிலர் வினவலாம். நன்று, முன்னோரையே நோக்குவோம். திருக்குறளில் ஊழ் என்பது 38ஆம் அதிகாரம். ஆள்வினையுடைமை என்பது 62ஆம் அதிகாரம். சூது என்பது 94ஆம் அதிகாரம். ஊழின் வலிமையைக் கூறிய வள்ளுவர், முயற்சியையும் வலியுறுத்தினார், சூதையும் கடிந்தார். மகாபாரதத்து நளன் கதையை நினைமின். கண்மூடிச் சூதாடி நாடிழந்த நளன், இருதுபன்னன் என்னும் வேந்தனைக் காண்கின்றான். அவ்வேந்தனோ ஒரு தான்றி மரத்தைக் கண்ட அளவில் அதன் இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுரைக்க வல்லவன். அவனிடமே காய் உருட்டும் நுட்பத்தை நளன் கற்கின்றான். சூதாடுக என்பது இக்கதையின் கருத்தன்று. குருட்டு நம்பிக்கையால் இழந்ததை எண்ணறிவால் மீட்கலாம் என்பதே அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்தாகும். துன்பம் வந்தபோது மனம் உடையாதிருக்க ஊழ் பற்றிய எண்ணம் துணைபுரியலாம். பிறர் துன்பத்தைக் கண்டு ‘அவன் ஊழ் அது’ என்று கைகட்டி நிற்க அது துணையாதல் கூடாது.

கணக்கு நமக்குக் கற்பிக்கும் அறம் இதுவே. எவர் பாத்தியில் மழை விழும் என்பதை எவரும் அறியார். ஆனால், பல பாத்திகளுள் சில நனையும் என்பதை யாவரும் அறிவர். அங்ஙனமாயின், நனைந்தவனின் இழப்பை நனையாதவனும் பகிர்ந்துகொள்ளுதல் அன்றோ முறை? காப்புறுதி என்னும் ஏற்பாடு இவ்வுண்மையின் மேல் கட்டப்பட்டதே. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியதும் இந்நெறி பற்றியதே. மழை எவரையும் தேர்ந்தெடுத்து ஒறுப்பதில்லை. ஆதலின், அது தரும் துன்பத்தை ஒருவர் மட்டும் சுமத்தல் தகாது. உப்பளத்தில் கால் வெடிக்க உழைக்கும் குடியில் பிறப்பதும், நிழலில் இருந்து உண்ணும் குடியில் பிறப்பதும் எவரும் தாமே தேர்ந்துகொண்டவை அல்ல. இதனை உணர்ந்தவன் தன் வெற்றியில் செருக்கடையான். பிறர் தாழ்வை இகழான்.

மாணவர்களே! தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும், சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. இரண்டையும் ஒரு சொல்லில் அமைத்த தமிழின் நுட்பம் போற்றத்தக்கது. யாரேனும் ஒருவரை இராசியற்றவர் எனச் சொல்லக் கேட்டால், ‘எத்தனை முறை நிகழ்ந்தது? எத்தனை முறை நிகழவில்லை?’ என்று அமைதியாக வினவுங்கள். விடையைத் தாளில் குறித்து எண்ணுங்கள். நம் கையில் இல்லாததை அறிந்து அடங்குவோம்; கையில் உள்ளதை முயன்று முடிப்போம்; மழையில் கரைந்தவனுக்கு வெயில் கண்டவன் கைகொடுப்போமாக.